அண்ணாவும் ஒரு லாட்டரிச் சீட்டும்

போன வருஷம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஃபுட்பால் ஜெர்சி வாங்கினேன். இங்கிலாந்து கிளப் ஒன்றின் ஜெர்சி. ஒரிஜினல் எல்லாம் இல்லை, பேரம் பேசி வாங்கிய சரக்குதான். மூணு மாசம் அதைப் போட்டுக்கிட்டு திருவொற்றியூர் கடற்கரையில் பந்து உதைச்சேன். நெஞ்சுப் பக்கம் கிளப் சின்னத்தைவிடப் பெரிசா ஒரு பேர் அச்சடிச்சிருந்தது. ஏதோ டயர் கம்பெனி, இல்லைன்னா பேங்க்னு நினைச்சேன். ஒருநாள் என் தங்கச்சி கேட்டப்போதான் தேடிப் பார்த்தேன். அது பந்தயம் கட்டுற கம்பெனி. மூணு மாசமா நான் சம்பளம் வாங்காத விளம்பரப் பலகையா சுத்தியிருக்கேன்.

சிரிச்சிட்டு விட்டிருப்பேன். ஆனா அதே சமயத்தில் எங்க டீம்ல மிட்ஃபீல்டு ஆடுற ஒருத்தன் செமஸ்டர் ஃபீஸை ஒரு ஆப்பில் தொலைச்சிட்டு வந்து நின்னான். முதல்ல நூறு ரூபாய் போட்டிருக்கான், தொள்ளாயிரம் வந்திருக்கு. அதுக்கப்புறம் வந்ததெல்லாம் போச்சு, வீட்டில் கொடுத்ததும் போச்சு. அவங்க அம்மா காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விக்கிறவங்க. செயினை அடகு வெச்சு ஃபீஸ் கட்டினாங்க. ஏன்டா இப்படிப் பண்ணேன்னு நாங்க கேட்டதுக்கு அவன் சொன்ன காரணம்தான் எனக்கு மறக்கவே இல்லை. இவ்வளவு பெரிய ஆட்டக்காரங்க விளம்பரத்தில் வந்து சொல்றாங்க, தப்பா இருந்தா சொல்வாங்களா என்று கேட்டான்.

இதை வீட்டில் சொன்னப்போ எங்க ஆயா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் சொன்னாங்க, எங்க தாத்தாவும் இதையே தான் சொல்வாராம். எண்ணூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. சம்பள நாள்ல கேட் வாசல்ல லாட்டரிச் சீட்டு விக்க வருவாங்களாம். தாத்தா மாசம் தவறாம வாங்குவார். ஆயா திட்டினா, அண்ணாவே ஆரம்பிச்ச திட்டம், அது எப்படித் தப்பாகும் என்று கேட்பாராம். ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி என் தாத்தா சொன்ன காரணமும், போன வருஷம் என் ஃபிரெண்டு சொன்ன காரணமும் ஒண்ணுதான். அதனால்தான் இந்த இதழுக்கு ஒரு ஆட்டக்காரரைப் பற்றி எழுதாமல் அண்ணாவைப் பற்றி எழுதுகிறேன்.

அண்ணாவை நமக்கு எப்படித் தெரியும்? சாலை பேர், யுனிவர்சிட்டி பேர், மார்க்‌ஷீட்டில் மேலே இருக்கிற பேர், கை விரல் ஒண்ணை உயர்த்தி நிற்கிற சிலை. அதுக்கு மேல நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான் இருந்தது.

காஞ்சிபுரத்துப் பையன்

1909 செப்டம்பர் 15-ஆம் தேதி காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தார் அண்ணாதுரை. அப்பா நடராசன், அம்மா பங்காரு அம்மாள். ஆனால் அவரை வளர்த்தது சிற்றன்னை ராஜாமணி அம்மாள். தொத்தா என்றுதான் கூப்பிடுவார். வசதியான வீடு கிடையாது. பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, குடும்பக் கஷ்டத்தால் படிப்பை நிறுத்திவிட்டு காஞ்சிபுரம் நகராட்சி அலுவலகத்தில் கிளார்க் வேலைக்குப் போனார். பிறகு திரும்பவும் படிக்க வந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1930-இல் ராணி அம்மையாரோடு கல்யாணம் ஆகிவிட்டது. 1934-இல் பொருளாதாரமும் அரசியலும் படித்து ஆனர்ஸ் பட்டம் வாங்கினார். பொருளாதாரம் படித்தவர் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். அந்தப் படிப்புக்கு அரசாங்க உத்தியோகத்தில் உட்கார்ந்து நிம்மதியா ரிட்டையர் ஆகியிருக்கலாம். ஆனால் திருப்பூரில் நடந்த ஒரு மாநாட்டில் பெரியாரைச் சந்தித்தார். அதோடு வாழ்க்கை திசை மாறிவிட்டது. ஜாதியையும் மூடநம்பிக்கையையும் எதிர்த்துப் பேசுவதும் எழுதுவதுமே முழு நேர வேலை ஆனது. விடுதலை, குடி அரசு பத்திரிகைகளில் எழுதினார். 1936-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் நின்று தோற்றார். 1942-இல் திராவிட நாடு என்ற சொந்த வார இதழைத் தொடங்கினார்.

ஆள் உயரம் குறைவு. மூக்குப்பொடி போடுவார், வெற்றிலை பாக்கு போடுவார், வேஷ்டி கசங்கியே இருக்கும். ஆனால் மைக் முன்னாடி வந்து நின்றால் கூட்டம் அசையாது. அடுக்குமொழியில் அவர் பேசின தமிழைக் கேட்க, கட்சி பிடிக்காதவர்கள்கூட வந்தார்கள். அந்தக் காலத்தில் கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு விற்றும் கட்சி நடத்தினார்கள், ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் பேச்சுக் கேட்டார்கள். ஒரு மனுஷனின் குரலுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

மேடையும் சினிமாவும்

எதை யாரிடம் எப்படிச் சொன்னால் போய்ச் சேரும் என்பது அண்ணாவுக்கு நன்றாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பத்திரிகையை நீட்டி என்ன பயன்? அதனால் நாடகம் எழுதினார். அவர் எழுதிய சிவாஜி கண்ட இந்து சாம்ராஜ்யம் நாடகத்தில் சிவாஜி வேஷம் போட்ட கணேசன் என்ற இளைஞர்தான் பின்னாளில் சிவாஜி கணேசன் ஆனார். 1949-இல் வேலைக்காரி படத்துக்குக் கதை வசனம். அதே வருஷம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்காக நல்லதம்பி.

நல்லதம்பி மதுவிலக்கைப் பிரச்சாரம் பண்ணிய படம். அப்போது சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்திருந்த நேரம். குடியால் கெட்ட குடும்பங்களை ஜனங்கள் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த வலியைச் சிரிப்போடு கலந்து திரையில் வைத்தார்கள். இதைச் சும்மா படத்தின் பேர் சொல்வதற்காகச் சொல்லவில்லை. மதுவிலக்கு அண்ணாவுக்கு மேடைக்கு மட்டுமான கொள்கை இல்லை. பின்னாளில் முதலமைச்சராகி, கஜானா காலியாக இருந்த நாட்களிலும் அவர் சாராயக் கடையைத் திறக்கவில்லை. கள்ளுக்கடைக் காசு வேண்டாம் என்று கடைசி வரை நின்றார்.

நம்ம ராயபுரத்தில் ஒரு மழை நாள்

பெரியாருக்கும் அண்ணாவுக்கும் நடுவே விரிசல் முன்னாடியே இருந்தது. 1947 ஆகஸ்ட் 15-ஐப் பெரியார் துக்க நாள் என்றார், அண்ணா மகிழ்ச்சி நாள் என்றார். தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்பதிலும் ஒத்துப்போகவில்லை. 1949-இல் பெரியார் மணியம்மையாரைத் திருமணம் செய்துகொண்டதும் பிரிவு முழுசாகிவிட்டது.

அந்த வருஷம் செப்டம்பர் 17-ஆம் தேதி திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. ஜார்ஜ் டவுன் பவளக்காரத் தெருவில் ஒரு வீட்டில் ஆலோசனை. தொடக்கப் பொதுக்கூட்டம் நம்ம ராயபுரம் ராபின்சன் பூங்காவில். கொட்டுகிற மழையில் ஜனங்கள் கலையாமல் நின்று கேட்டார்கள். அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே விட்டுவிட்டார். சண்டை போட்டு வெளியே வந்தவர், சண்டை போட்டவருக்கே நாற்காலியை வைத்துவிட்டு வந்தார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

இன்றைக்கு அந்தப் பூங்காவுக்குப் பேர் அறிஞர் அண்ணா பூங்கா. எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஜெர்சி வாங்கின அன்றைக்கு எனக்கும் தெரியாது.

துறைமுகக் கூலிகள், மீனவர்கள், மில் தொழிலாளர்கள், அச்சாபீஸ் பையன்கள் வாழ்ந்த வட சென்னையில்தான் அந்தக் கட்சி கால் ஊன்றியது. டீக்கடைகளிலும் சலூன்களிலும் திராவிட நாடு இதழை ஒருத்தர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அண்ணா என்ற சொல்லுக்கு மூத்த சகோதரன் என்று அர்த்தம். அவர்களுக்கு அது வெறும் பேர் இல்லை, உறவு முறை.

கோட்டைக்குப் போன வழி

1957-இல் முதல் தடவையாகத் தேர்தலில் நின்ற கட்சி 15 இடங்களில் ஜெயித்தது. அண்ணா காஞ்சிபுரத்தில் ஜெயித்தார். 1962-இல் கட்சிக்கு 50 இடங்கள். ஆனால் காஞ்சிபுரத்தில் அண்ணாவே தோற்றுப்போனார். சோர்ந்து உட்காரவில்லை, மாநிலங்களவைக்குப் போனார். அதே ஆண்டு சீனாவோடு போர் வந்தது. அடுத்த ஆண்டு பிரிவினை பேசும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. தனித் திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டார். அதைத் துரோகம் என்றவர்களும் உண்டு, புத்திசாலித்தனம் என்றவர்களும் உண்டு. எட்ட முடியாததைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைவிட, முடிந்ததைச் செய்வோம் என்பது அவர் வழி. அந்த வழியின் நல்லதும் கெட்டதும் இரண்டுமே இந்தக் கதையில் வரும்.

1965-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் தெருவுக்கு வந்தது நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள்தான். 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தவர் ஒரு மாணவர் தலைவர். தி.மு.க. 137 இடங்களைப் பிடித்தது. மார்ச் 6-ஆம் தேதி அண்ணா முதலமைச்சர் ஆனார். இந்தியாவில் ஒரு மாநிலக் கட்சி பெரும்பான்மையோடு காங்கிரஸை வீழ்த்தி ஆட்சிக்கு வந்தது அப்போதுதான்.

காலி கஜானா

அந்தத் தேர்தலில் ஜெயிக்க வைத்ததில் அரிசிக்குப் பெரிய பங்கு உண்டு. அறுபதுகளின் நடுவில் நாடு முழுக்கப் பஞ்சம், ரேஷன் கடையில் வரிசை. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது தி.மு.க. வாக்குறுதி. ஆட்சிக்கு வந்ததும் ஒரு ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் ஆரம்பித்தார்கள். அதற்கே அரசு கோடிக்கணக்கில் மானியம் கொடுக்க வேண்டி வந்தது. மாநிலம் முழுக்கக் கொண்டுபோக முடியவில்லை. மூன்று படி நடக்கவே இல்லை.

இப்போது அண்ணாவின் இடத்தில் நாம் உட்கார்ந்து பார்ப்போம். அரிசிக்குப் பணம் வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பணம் வேண்டும். டெல்லியில் இருப்பது வேறு கட்சி. புது வரி போட்டால் ஓட்டுப் போட்ட ஏழை தலையிலேயே விழும். சாராயக் கடையைத் திறந்தால் பணம் கொட்டும், ஆனால் அதைத் தொடமாட்டேன் என்று முடிவெடுத்தாகிவிட்டது. மிச்சம் என்ன இருக்கிறது?

பக்கத்தில் கேரளாவில் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். நிதியமைச்சர் பி.கே. குஞ்சு யோசனையில் 1967-இல் அரசாங்கமே லாட்டரி தொடங்கியது. சீட்டு ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய், முதல் குலுக்கல் 1968 குடியரசு நாளில். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, வரி என்று பேர் இல்லை, பணம் மட்டும் வந்தது. 1968-இல் அண்ணா அரசும் தமிழ்நாட்டுப் பரிசுச் சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது.

பேரைக் கவனியுங்கள். சூதாட்டம் இல்லை, பரிசுச் சீட்டு. விளம்பரமும் அப்படித்தான் இருந்தது. பரிசு விழுந்தால் உன் வீட்டுக்கு லாபம், விழாவிட்டாலும் உன் காசு நாட்டு வளர்ச்சிக்குப் போகிறது என்பதுதான் அதன் சாரம். தோற்றவனையும் தியாகி ஆக்கிவிடுகிற விளம்பரம். இன்றைக்குக் கோடி கோடியாகச் செலவு பண்ணி ஆப் கம்பெனிகள் எடுக்கிற எந்த விளம்பரமும் இதை மிஞ்சியதாக எனக்குத் தோன்றவில்லை.

அண்ணா கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஒரு பைசா அவர் பைக்குப் போகவில்லை. வீட்டுக்கும் நாட்டுக்கும் இரண்டுக்கும் நல்லது என்று அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். ஆனால் பொருளாதாரம் படித்தவர். கணக்கு அவருக்குத் தெரியாமல் இருக்காது.

கணக்கு நமக்கும் தெரியும், ப்ராபபிலிட்டி பேப்பர் எழுதினவங்கதானே. ஒரு உதாரணம் போடுவோம். ஒரு ரூபாய் சீட்டு பத்து லட்சம் விற்கிறது, அதில் பாதி, அதாவது ஐந்து லட்சம் ரூபாய், பரிசாகத் திரும்பப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு சீட்டின் சராசரி மதிப்பு 50 பைசா. மீதி 50 பைசா அந்தச் சீட்டை வாங்கின நொடியிலேயே போய்விட்டது. மாசம் ஒரு சீட்டு வாங்குகிறவனுக்கு அது பெரிசில்லை. தினம் பத்துச் சீட்டு வாங்குகிறவனுக்கு? வரி என்றால் பணக்காரன் அதிகம் கட்டுவான், ஏழை குறைவாகக் கட்டுவான். லாட்டரியில் தலைகீழ். சம்பளத்தில் வீடு கட்ட முடியாது என்று தெரிந்தவன்தான் சீட்டில் வீடு கட்டப் பார்ப்பான். யாருக்காக அரிசி விலையைக் குறைத்தாரோ, அவர்கள் பையிலிருந்தே காசு வந்தது.

சாராயத்தின் நாசம் தெருவிலேயே தெரியும். தள்ளாடுவான், விழுவான், அடிப்பான். லாட்டரியின் நாசம் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிற அளவுக்குச் சின்னது. அண்ணா ஒன்றுக்குக் கதவை அடைத்ததற்கும் இன்னொன்றுக்குத் திறந்ததற்கும் அந்த வித்தியாசம்தான் காரணமோ என்று நான் யோசிப்பதுண்டு.

கடைசி வருஷம்

1968 அண்ணாவின் வாழ்க்கையில் நெருக்கமான ஆண்டு. ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு. மெரினாவில் இன்றைக்கு நாம் செல்ஃபி எடுக்கிற சிலைகளில் பல அப்போது வைத்தவை. அதே மாதம் தமிழும் இங்கிலீஷும் போதும் என்ற இருமொழித் தீர்மானம். புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம். பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பு.

அந்த ஆண்டின் கறையையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 25-ஆம் தேதி இரவு கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். ஏழைகளின் ஆட்சி என்று வந்த ஆட்சியில் அது நடந்தது.

அதற்குள் அண்ணாவின் உடம்பு விட்டுக்கொண்டிருந்தது. உணவுக்குழாயில் புற்றுநோய். செப்டம்பரில் நியூயார்க்கில் ஆபரேஷன். புகையிலை மெல்லும் பழக்கம் அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. படிப்பும் பகுத்தறிவும் அவ்வளவு இருந்தவரையும் ஒரு பழக்கம் விடவில்லை. இதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை. விளையாட்டாய்த் தொட்டது எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு அவர் உடம்பே சாட்சி.

1969 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கலன்று, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. அதே நாளில் தியாகராய நகரில் கலைவாணர் சிலையைத் திறந்து வைத்தார். நல்லதம்பி எழுதிக் கொடுத்த நண்பருக்குச் செய்த கடைசி மரியாதை. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. பிப்ரவரி 3-ஆம் தேதி அதிகாலை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இறந்துபோனார். வயசு 59. இரண்டு வருஷம்கூட முழுசா முதலமைச்சராக இல்லை. இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தை எண்ண முடியவில்லை. ரயில் கூரை மேல் உட்கார்ந்து வந்தார்கள். எங்க தாத்தாவும் திருவொற்றியூரிலிருந்து நடந்தே மெரினா போனாராம்.

அவர் போன பிறகு சீட்டு

அண்ணா போய்விட்டார், சீட்டு இருந்தது. 1971-இல் மதுவிலக்கையும் தளர்த்திவிட்டார்கள். அண்ணா திறக்காத கதவும் திறந்துவிட்டது. லாட்டரி இடையில் ஒருமுறை நிறுத்தப்பட்டு, திரும்பவும் வந்தது. வேறு மாநிலச் சீட்டுகள் வந்தன. மாசம் ஒரு குலுக்கல் என்பது வாரம் ஆகி, தினம் ஆகி, ஒரு நாளைக்குப் பல தடவை ஆனது. காலையில் சீட்டு வாங்கி, டீ குடித்து முடிப்பதற்குள் ரிசல்ட் பார்க்கிற ஒரு நம்பர் லாட்டரி வந்தது, சுரண்டல் லாட்டரி வந்தது. தாத்தா மாசம் ஒன்று வாங்கினவர், எண்பதுகளில் தினம் வாங்கினார். ஆயாவின் கம்மல் போனது அப்போதுதான். கடன் தாங்காமல் குடும்பத்தோடு செத்தவர்கள் கதை தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் இருந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. 35 வருஷக் கதை ஒரே உத்தரவில் முடிந்தது.

முடிந்ததா? நடுவில் இன்னொரு கிளைக்கதை இருக்கிறது. 1974-இல் அண்ணாவின் கட்சி அரசே குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு வந்தது. கிண்டி குதிரைகளுக்காக வந்த அந்தத் தீர்ப்பைத்தான் பின்னாளில் ஆன்லைன் ரம்மிக்காரர்கள் கையில் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 2021-இல் தமிழ்நாட்டின் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு புதுச் சட்டம். ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் அமலுக்கு வழி பிறந்தது. அந்த நவம்பரில் ரம்மி, போக்கர் மீதான தடை செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரங்களையும் நாடு முழுக்கத் தடை செய்தது. இந்திய கிரிக்கெட் டீம் சட்டையின் நெஞ்சிலிருந்து ஒரு பேர் ஒரே வாரத்தில் காணாமல் போனது அதனால்தான்.

சட்டையில் இருக்கிற பேர்

ஃபுட்பாலுக்கு வருவோம். 1923-இல் இங்கிலாந்தில் ஜான் மூர்ஸ் என்ற லிவர்பூல் இளைஞர், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து, மான்செஸ்டர் யுனைடெட் மைதான வாசலில் 4,000 கூப்பன் விநியோகித்தார். எந்த மேட்ச் எப்படி முடியும் என்று குறித்து, காசோடு அனுப்ப வேண்டும். திரும்பி வந்தவை 35. நண்பர்கள் விலகிவிட்டார்கள், மூர்ஸ் விடவில்லை. அந்த லிட்டில்வுட்ஸ் பூல்ஸ் அவரைப் பெரும் பணக்காரர் ஆக்கியது. அறுபதுகளில் அவரே எவர்ட்டன் கிளப்பின் தலைவர் ஆனார். எண்பதுகளில் ஒரு கோப்பைப் போட்டிக்கே அந்தக் கம்பெனியின் பேர் இருந்தது. மைதான வாசலில் நின்ற சூதாட்டம், உள்ளே வந்து, கடைசியில் சட்டையின் நெஞ்சில் ஏறிக்கொண்டது. 2023-இல் பிரீமியர் லீக் கிளப்புகள், 2025-26 சீசன் முடிந்ததும் சட்டையின் முன்பக்கத்தில் பந்தயக் கம்பெனி பேர் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டன. கை மடிப்பில் போட்டுக்கொள்ளலாம். மைதானத்தைச் சுற்றிய பலகைகளிலும் இருக்கும்.

ஏன் சட்டை? ஏன் நெஞ்சு? ஒரு கம்பெனி வாங்குவது துணியில் அரை அடி இடத்தை இல்லை. அந்தச் சட்டை மேல் நமக்கு இருக்கிற அன்பை வாங்குகிறது. எனக்குப் பிடித்த டீம், எனக்குப் பிடித்த ஆட்டக்காரன், அவன் நெஞ்சில் இருக்கிற பேர் கெட்டதாக இருக்காது என்ற நம்பிக்கையை வாங்குகிறது. 1968-இல் தமிழ்நாட்டுப் பரிசுச் சீட்டுக்கு அப்படி ஒரு ஸ்பான்சர் இருந்தார். மழையில் நின்று கேட்ட ஜனங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட ஒரு மனுஷர். அவர் காசு வாங்கவில்லை. ஆனால் அவர் பேர்தான் அந்தச் சீட்டை எங்க தாத்தாவின் பைக்குள் கொண்டுபோனது. ஆயா தோற்றது லாட்டரியிடம் இல்லை, அண்ணாவின் பேரிடம்.

அதற்காக அண்ணா எனக்குச் சின்னவர் ஆகிவிடவில்லை. தமிழ்நாடு என்று நான் எழுதுவதே அவர் கொடுத்தது. ரேஷன் அரிசி ஒரு உரிமை என்று என் அம்மா நினைப்பதற்கும் அவர் போட்ட அந்த ஒரு படிதான் ஆரம்பம். நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு வந்த மனுஷர் அவர். நல்லவர்கள் அவசரத்தில் எடுக்கிற முடிவு கெட்டவர்களின் திட்டத்தைவிட நீண்ட நாள் நிற்கும் என்பதுதான் அவர் வாழ்க்கையில் நான் படித்த பாடம். ஏனென்றால் அதைக் கேள்வி கேட்க நமக்கு மனசு வராது.

போன மாசம் ஒரு சாயங்காலம் நானும் அந்த ஃபிரெண்டும் அறிஞர் அண்ணா பூங்காவுக்குப் போய் உட்கார்ந்திருந்தோம். சின்னப் பசங்க ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவன் ஆப்பை எப்போதோ அழித்துவிட்டான். செயின் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. ப்ளேஸ்மெண்ட் கிடைத்து முதல் சம்பளத்தில் மீட்பேன் என்கிறான். நான் அந்த ஜெர்சியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டுதான் இப்போதெல்லாம் விளையாடுகிறேன். பசங்க கிண்டல் பண்றாங்க. பண்ணட்டும். ஆயா மட்டும் ஒண்ணும் கேக்கலை, துவைச்சுப் போடும்போது அப்படியே திருப்பியே மடிச்சு வைக்கிறாங்க.